ஏரிச் சேற்றில் உறங்கும் தலைமுறைகள்

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், வல்லம் வடகால், ஒரகடம் எனத் தொடரும் தொழிற்பேட்டைகளில் காரும் கைப்பேசியும் செய்யும் ஆலைகளே முதலில் கண்ணில் பட்டாலும், இந்நிலம் பல நூற்றாண்டுகளாக ஏரிப் பாசனத்தால் வாழ்ந்த நிலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்து, உபரி நீரைக் கலங்கல் வழியே வெளியேற்றி, கோடையில் தரை வெடிக்க வற்றுவது இங்குள்ள ஏரிகளின் இயல்பு. துணையின்றித் தன்னைப் போலவே ஓர் உயிரைப் படைக்கும் பாலிலாப் பெருக்கமும், இருவரின் மரபுக்கூறுகள் கலந்து புதிய உயிர் தோன்றும் பாலினப் பெருக்கமும் எந்தெந்த வேளைக்கு உதவுகின்றன என்பதை இந்த நீரும் வறட்சியும் மாறிவரும் வாழ்வில் தெளிவாகக் காணலாம்.

நீர் நிலைத்திருக்கும் இடத்தில் முதல் வழியே வெல்கிறது. அமேசான் வடிநிலத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்துக்கு வந்து நாடெங்கும் பரவிய ஆகாயத்தாமரையில், குட்டை ஓடுதண்டு எனப்படும் குறுந்தண்டு பக்கவாட்டில் நீண்டு, அதன் நுனியில் புதுச்செடி வேர்விட, தண்டு அறுந்ததும் மகள் தனியே மிதக்கிறது. கழிவுநீரால் சத்தேறிய வெதுவெதுப்பான நீரில் இரண்டு வாரத்துக்குள் செடிகள் இருமடங்காகக்கூடும். அந்தக் கணக்கில் 10 செடிகள் 20 வாரத்தில் 10,240 ஆகும். அதன் பூர்வீக நிலத்தில் சூலகத்தண்டு குட்டை, நடுத்தரம், நெடிது என்ற மூவகை மலர்கள் உண்டு. ஒருவகை மலரின் மகரந்தம் மற்றொரு வகையைச் சேர்வதற்கான ஏற்பாடு அது. புகுந்த நாடுகளிலோ பெரும்பாலும் நடுத்தர வகையே காணப்படுகிறது. மரபணுச் சோதனைகளில் கண்டங்கள் கடந்தும் ஒரே செடியின் நகல்களே பரவிக் கிடப்பது தெரியவந்தது.

நகலெடுப்பது இவ்வளவு எளிதாயிருக்க, பிள்ளை பெறாத ஆண்களைப் படைத்து உணவைச் செலவிடும் பாலினப் பெருக்கம் ஏன் நிலைத்தது என்ற கேள்விக்கு, மீன்பண்ணைகளில் குஞ்சுகளுக்கு இரையாக வளர்க்கப்படும் மோய்னா என்ற நீர்த்தெள்ளு நல்ல விடையைத் தருகிறது. சுமார் ஒரு மில்லிமீட்டரே உள்ள இவ்வுயிர், பாசி செழித்த காலத்தில் ஆணின் துணையின்றிப் பெண் குஞ்சுகளையே ஈனும். இதற்குக் கன்னிப் பெருக்கம் என்று பெயர். நீர் குறைந்து, கூட்டம் நெருங்கி, உணவு அருகும்போது அதே தாய்மார் ஆண்களையும் பெறுகின்றன. அந்த ஆண்களும் கன்னிப் பெருக்கத்திலேயே பிறப்பதும், தாயின் மரபணுக்களையே கொண்டிருந்தும் சூழல் தந்த குறிப்பால் ஆணாவதும் பெரும் வியப்பு. பிறகு முட்டையும் விந்தும் உருவாகையில், குரோமோசோம்களைப் பாதியாக்கும் குன்றல் பிரிவில் அவை துண்டுகளை மாற்றிக்கொள்வதால், பிறக்கவிருக்கும் ஒவ்வொன்றும் வேறுபட்ட மரபுக்கலவையைப் பெறுகிறது. அவ்வாறு கருவுற்ற முட்டை, குதிரைச் சேணம் போன்ற தடித்த உறைக்குள் அடங்கிச் சேற்றில் இறங்கி, வெடித்த தரையின் வெப்பத்தையும் தாங்கி உறங்குகிறது.

நீரை நிரப்புவது நகல் என்றால், சேற்றில் சேமிக்கப்படுவது கலப்பின் விளைவு. ஆகாயத்தாமரைக்கும் இது பொருந்தும்: வறட்சியில் செடி மடிந்தாலும் அதன் விதை சேற்றில் 20 ஆண்டுகள் வரை உயிர்ப்புடன் கிடக்கக்கூடும் என்பதால், பொக்லைன் கொண்டு ஒருமுறை அள்ளிவிடுவதால் மட்டும் அது ஒழிவதில்லை. மனைகளையும் சாலைகளையும் மேடாக்க ஏரியில் சவுடு மண் எடுக்கும்போதும், தூர்வாரும்போதும் இழக்கப்படும் மேல்மண், இத்தகைய பல உயிர்களின் முட்டைக் களஞ்சியம் என்பது கணக்கில் வருவதே இல்லை. கொள்ளளவை மட்டும் அளக்கும் திட்டம் ஏரியைப் பாதியே அறிந்த திட்டம். மேல்மண்ணில் ஒரு பகுதியையேனும் கரையோரம் ஒதுக்கி வைத்து மீண்டும் பரப்பினால், ஐப்பசியில் நீர் தேங்கிய சில நாட்களிலேயே உறைகள் திறந்து நீர்த்தெள்ளுகள் வெளிவரும். அந்த முதல் தலைமுறையில் எல்லாமே பெண்கள்.