பட்டுக்குக் கொஞ்சம் புளிப்பு

பட்டுத்துணியில் ஓவியம் தீட்டக் கற்றுத்தரும் ஆன்லைன் வகுப்புகளில் ஆளை மயக்குவது உப்பு வித்தைதான். சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டிய வெள்ளைப் பட்டில் ஆசிரியர் நீலத்தைத் தீட்டுகிறார். ஈரம் காய்வதற்குள் நாலு கல்லுப்பைத் தூவுகிறார். சற்று நேரத்தில் ஒவ்வொரு கல்லைச் சுற்றியும் நட்சத்திரம் விரிகிறது. அதையே ஐப்பசி மழையில் மறைமலை நகர் அடுக்ககம் ஒன்றின் பால்கனியில் செய்தால் நட்சத்திரம் வராது. நீலம் தேங்கி, அங்கங்கே பிசுபிசுவென்று திட்டு விழும்.

குறை கையில் இல்லை, காற்றில் இருக்கிறது. காய்ந்த உப்புக்கல் தன்னைச் சுற்றியுள்ள நீரை உறிஞ்சும். நீரோடு சாயமும் ஓடிவந்து கல்லடியில் சேர, அது வந்த தடம் வெளிறிப்போகும். அந்தத் தடங்கள்தான் நட்சத்திரத்தின் கதிர்கள். ஆனால் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைய ஆரம்பித்துவிடும். சுத்திகரிக்காத கல்லுப்பில் ஒட்டியிருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதற்கும் முன்பே நீர் கோத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவது இதனால்தான். குளிர்நாட்டில், சூடேற்றிய வறண்ட அறையில் உட்கார்ந்து பாடம் எடுப்பவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதனால் அவர் இதைச் சொல்வதும் இல்லை. உப்பை வாணலியில் வறுத்து, ஆறியதும் மூடியுள்ள டப்பாவில் வைத்து, வெயில் ஏறிய நேரத்தில் தூவிப் பாருங்கள்.

வகுப்பு கையசைவைக் கற்றுத்தரும். சாயம் ஏன் ஒட்டுகிறது என்பது தெரிந்தால்தான், அந்தச் செய்முறையை நம் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள முடியும்.

பட்டுப்புழு கூடு கட்டும்போது ஒரே இழையாக ஒரு கிலோமீட்டர் அளவுக்குக்கூட நூற்றுவிடும். அந்த இழைக்குள் ஃபைப்ரோயின் என்ற புரதத்தாலான இரண்டு நுண்ணிழைகள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து ஒட்டும் பசை செரிசின். கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால்வாசி இந்தப் பசைதான். சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து இதை நீக்கினால்தான் பட்டு மினுமினுக்கும், சாயமும் சீராக உள்ளே போகும். ஃபைப்ரோயின் இழையின் குறுக்குவெட்டு ஏறக்குறைய முக்கோண வடிவம். பட்டின் அந்த ஜொலிப்பில் இந்த வடிவத்துக்கும் பங்கு உண்டு.

புரதம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கொஞ்சம் வினிகர் சேர்த்துப் புளிப்பாக்கினால் பட்டுப் புரதத்தின் அமினோ தொகுதிகள் நேர்மின்னூட்டம் பெறும். அமிலச் சாயங்களின் மூலக்கூறுகளோ எதிர்மின்னூட்டம் கொண்டவை. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். மறைமலை நகர் வட்டாரத்தில் கார் ஆலை வேலைக்குப் போகிறவர்களுக்கு இது புதிதல்ல. பெயின்ட் ஷாப்பில் காரின் கூட்டை எதிர்முனையாக்கித் தொட்டியில் முக்கினால், நேர்மின்னூட்டம் கொண்ட முதல் பூச்சு இண்டு இடுக்கெல்லாம் போய் ஒட்டிக்கொள்கிறது அல்லவா? பட்டில் முனைகள் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று ‘ஆர்ட் சில்க்’ வாங்கிப் பழகுபவர்கள் ஏமாறுவதும் இதனால்தான். அது பெரும்பாலும் பாலியஸ்டர். அமிலச் சாயத்தைப் பிடித்துக்கொள்ள அதில் மின்னூட்டமுள்ள இடமே இல்லை, அலசினால் நிறம் தண்ணீரோடு போய்விடும். சந்தேகமாக இருந்தால் ஓரத்திலிருந்து நாலு இழையை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பட்டென்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். பாலியஸ்டர் உருகி, கெட்டியான மணியாக நிற்கும். நெருப்போடு விளையாட விருப்பமில்லாதவர்களுக்கு மத்தியப் பட்டு வாரியத்தின் ‘சில்க் மார்க்’ முத்திரை 2004 முதல் இருக்கிறது.

செயற்கைச் சாயத்தின் கதையே பட்டில் தொடங்கியதுதான். 1856இல் லண்டனில், கொயினா செய்யப் போய் ஊதாச் சாயம் கிடைத்த 18 வயது வில்லியம் பெர்க்கின், அதைத் தோய்த்துப் பார்த்தது பட்டுத்துணியில்.

பட்டு ஓவியத்தில் சாயம் பரவாமல் தடுக்கக் கோடு போட உதவும் பசைக்கு ‘குட்டா’ என்று பெயர். மலேயா காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பாலான குட்டா பெர்ச்சாவிலிருந்து வந்த பெயர் இது. 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையே கடலடியில் போட்ட தந்திக் கம்பிக்கு உறையானதும் இந்தக் குட்டா பெர்ச்சாதான். கடல்நீரையே தடுத்த பொருளுக்குச் சாயம் எம்மாத்திரம்! இப்போது கடையில் கிடைப்பவற்றில் நீரில் கரையும் வகைகளும் உண்டு. எதுவானாலும் பசை துணியின் மறுபக்கம்வரை இறங்க வேண்டும். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால், கோடு விட்டுப்போன இடம் தெரிந்துவிடும். குண்டூசி முனையளவு இடைவெளி போதும், சிவப்பு வேலி தாண்டிப் பச்சைக்குள் போய்விடும்.

இழைகளுக்கிடையே நீர் தானாக ஊர்ந்து போவதால்தான் இத்தனை கட்டுக்காவல் வேண்டியிருக்கிறது. போகப்போக அந்த வேகம் குறையும். இரண்டு மடங்கு தூரம் போக ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம் ஆகும். வாஷ்பர்ன் என்ற வேதியியலாளர் 1921இல் எழுதிய சமன்பாடு இது. எனவே தூரிகையைக் கோடுவரை கொண்டுபோக வேண்டியதில்லை. கொஞ்சம் தள்ளியே நிறுத்தினால், மீதித் தூரத்தைச் சாயம் தானே நடந்துவிடும்.

திரை காட்டாத இன்னொன்று நிறம். ஈரப்பட்டு எப்போதும் ஒரு படி அடர்த்தியாகவே தெரியும். இழைகளுக்கு நடுவில் காற்று இருந்த இடத்தில் நீர் நிறைந்தால் ஒளி சிதறுவது குறைகிறது. காய்ந்தபின் வெளிறும் என்று கணக்குப் பண்ணித்தான் கலக்க வேண்டும். இந்தக் கணக்கைக் கண்ணிலேயே வைத்திருப்பவர்கள் காஞ்சிபுரத்துச் சாயத் தொழிலாளர்கள். அவர்கள் துணியில் தீட்டுவதில்லை. நெய்வதற்கு முன்பே நூலைக் கழிகழியாகத் தோய்ப்பவர்கள். ஆனாலும் புரதமும் அதே, புளிப்பும் அதே. மறைமலை நகர் நிலையத்தில் திருமால்பூர் மின்சார ரயில் ஏறினால் செங்கல்பட்டு வழியாகக் காஞ்சிபுரத்தில் இறங்கலாம். அங்கே நெசவாளர் சேவை மையமும் இருக்கிறது. பத்து வீடியோ பார்ப்பதைவிட ஒரு நாள் அங்கே போய்வருவது மேல் என்பது என் கட்சி.

கடைசிக் கட்டம் ஆவி. இஸ்திரி போட்டாலே நிலைக்கும் வண்ணங்களும் விற்கிறார்கள். அவை பிசினோடு இழையின் மேலே படிபவை, துணி சற்று விறைக்கும். ஆவியில் நிலைப்பவை வேறு சாதி. சூட்டிலும் ஈரத்திலும் இழை உப்பி வழிவிட, சாயம் உள்ளே போய்விடும். துணியின் குழைவு கெடாது. துணியை மடிப்புக்கு மடிப்பு அச்சில்லாத வெள்ளைத் தாள் வைத்துச் சுருட்டி, இட்லிப் பானையில் நீர் மட்டத்துக்கு மேலே நிறுத்தலாம். மூடிக்கு அடியில் தடித்த துண்டு கட்டாயம், ஒரு சொட்டு விழுந்தாலும் அங்கே வட்டக் கறைதான். சாயத்துக்கேற்ப ஒன்று முதல் மூன்று மணி நேரம் ஆகும். பிறகு குளிர்ந்த நீரில் அலசுங்கள். போர்வெல் உப்புத் தண்ணீரைவிடக் கேன் தண்ணீர் நல்லது, சில சாயங்களைக் கால்சியம் மங்கலாக்கும். அந்தப் பானை இனி சாயத்துக்குத்தான். காலை இட்லிக்கு வேறு பானை வாங்கிக்கொள்ளுங்கள்.