கம்பியில்லாத் துளையிடும் கருவி: மரவேலைக்கும் வீட்டு வேலைக்கும் தேர்ந்தெடுத்தல்

கம்பியில்லாத் துளையிடும் கருவி என்பது மறுமுறை மின்னேற்றம் செய்யத்தக்க மின்கலத்தால் இயங்கும் கைக்கருவியாகும். கடைகளிலும் பட்டறைகளிலும் இதனைக் கார்ட்லெஸ் டிரில் அல்லது பேட்டரி டிரில் என்பர். துளையிடுவது, திருகாணி முடுக்குவது ஆகிய இரண்டையும் இது செய்யும். வீட்டில் இரண்டாவது வேலைக்கே இது அதிகம் பயன்படுகிறது.

வில்லும் கயிறும் கொண்டு சுழற்றும் துரப்பணத்தைத் தச்சர்கள் நெடுங்காலம் பயன்படுத்தி வந்தனர். மின்சாரத்தால் இயங்கும் துளைக்கருவிக்கு 1889-இல் மெல்போர்னில் ஆர்தர் ஜேம்ஸ் ஆர்னட், வில்லியம் பிளாஞ்ச் பிரெயின் ஆகியோர் காப்புரிமை பெற்றனர். இன்று நாம் காணும் கைத்துப்பாக்கி வடிவப் பிடியும் விசையும் கொண்ட கருவிக்கு அமெரிக்காவின் பிளாக் அண்டு டெக்கர் நிறுவனம் 1917-இல் காப்புரிமை பெற்றது. அதே நிறுவனம் 1961-இல் நிக்கல்-காட்மியம் மின்கலத்தில் இயங்கும் கம்பியில்லாக் கருவியை வெளியிட்டது. நிலவுப் பயணத்துக்காகவே கார்ட்லெஸ் டிரில் கண்டுபிடிக்கப்பட்டது என்று பலர் எழுதுகின்றனர். அது சரியன்று. அப்பல்லோ 15 நிலவில் துளையிட்டது 1971-இல். கருவி அதற்குப் பத்தாண்டுகள் முன்பே கடைக்கு வந்துவிட்டது.

வோல்ட் எண் சொல்வதும் சொல்லாததும்

வாங்கச் செல்பவர் முதலில் பார்ப்பது வோல்ட் எண். பெரும்பாலோர் ஏமாறுவதும் அங்கேதான். இன்றைய கருவிகளில் லித்தியம் அயனிச் செல்கள் உள்ளன. ஒரு செல்லின் சராசரி மின்னழுத்தம் ஏறத்தாழ 3.6 வோல்ட்; முழுதாக மின்னேற்றியவுடன் 4.2 வோல்ட். ஐந்து செல்களை வரிசையாக இணைத்தால் சராசரியாக 18 வோல்ட், முழு ஏற்றத்தில் 21 வோல்ட் கிடைக்கும். ஆகவே ஒரு பெட்டியில் 18 என்றும், மற்றொன்றில் 20 என்றும், வேறொன்றில் 21 என்றும் அச்சிட்டிருந்தாலும் மூன்றிலும் இருப்பது ஐந்து செல்களே. அவ்வாறே 10.8 வோல்ட்டும் 12 வோல்ட்டும் மூன்று செல் கருவிகள்.

இணையக் கடைகளில் 48, 88 என்ற பெரிய எண்களைத் தாங்கிய மலிவான கருவிகளும் விற்பனைக்கு உள்ளன. இவற்றைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. உடன் வரும் சார்ஜரின் அடியில் வெளியீட்டு மின்னழுத்தம் அச்சிடப்பட்டிருக்கும். அது 21 வோல்ட் என்றால் உள்ளே ஐந்து செல்களே; 12.6 வோல்ட் என்றால் மூன்று. பெட்டியின் மேல் எந்த எண் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

மின்கலம் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை ஆம்பியர்-மணி எண் காட்டும். 18 வோல்ட், 2 ஆம்பியர்-மணி எனில் 36 வாட்-மணி ஆற்றல், 12 வோல்ட் வகையில் (சராசரி 10.8) அதே 2 ஆம்பியர்-மணி ஏறத்தாழ 22 வாட்-மணிதான். இரு கருவிகளை ஒப்பிடும்போது இந்தப் பெருக்குத் தொகையைப் பார்ப்பதே முறை.

முறுக்கு விசையும் கிளட்ச்சும்

திருகாணியை மரத்துக்குள் இறக்குவது முறுக்கு விசை. இது நியூட்டன் மீட்டரில் அளக்கப்படும். 12 வோல்ட் வகை பொதுவாக 20 முதல் 35 வரையும், சாதாரண 18 வோல்ட் வகை 40 முதல் 60 வரையும் தரும். அறைகலன் பொருத்த, திரைச்சீலைக் கம்பி மாட்ட, அலமாரிக் கீல் முடுக்க 30 தாராளமாகப் போதும். தேக்கு, வேங்கை போன்ற கடின மரங்களில் நீண்ட திருகாணிகளோ 25 மி.மீ. துளைகளோ வேண்டுமெனில் 50-க்கு மேல் பார்க்கலாம். அதற்கு மேல் வீட்டுக்காரர் பணம் கொடுப்பது பெரும்பாலும் வீண்.

அதிக விசைக்கு ஓர் ஆபத்தும் உண்டு. துளைக்கும் பிட் மரக்கணுவில் சிக்கி நின்றால், மோட்டாரின் விசை முழுதும் கைப்பிடி வழியாக மணிக்கட்டுக்குத் திரும்பும். 60 நியூட்டன் மீட்டர் கருவியை அச்சிலிருந்து 15 செ.மீ. தொலைவில் பிடித்திருந்தால் கையைத் தாக்கும் விசை 400 நியூட்டன். அதாவது ஏறத்தாழ 40 கிலோ எடை திடீரெனக் கையைப் பக்கவாட்டில் இழுப்பது போன்றது. சக்தி மிக்க கருவிகளுடன் பக்கக் கைப்பிடி தருவது இதற்காகவே. பலர் அதைப் பெட்டியிலேயே விட்டுவிடுகின்றனர்.

முகப்பில் எண்கள் இட்ட வளையமே கிளட்ச். குறித்த விசையை எட்டியதும் இது கடகடவென்று ஓசையிட்டு நழுவிவிடும். திருகாணியின் தலை மரத்துக்குள் புதையாமலும், துகள் பலகையில் மரை பிய்ந்துவிடாமலும் காப்பது இதுவே. சிறிய எண்ணில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டும். துளையிடும்போது மட்டும் டிரில் குறியில் வைக்க வேண்டும். மேற்புறமுள்ள கியர் பொத்தானில் 1 என்பது மெதுவான வேகமும் மிகுந்த விசையும். திருகாணிக்கும் பெரிய துளைக்கும் அது. 2 என்பது சிறு பிட்களுக்கான விரைவு வேகம்.

பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக் 10 மி.மீ., 13 மி.மீ. என இரு அளவுகளில் வரும். மோட்டாரில் கார்பன் பிரஷ் உள்ள வகை, பிரஷ் இல்லாத வகை என இரண்டு உண்டு. பிரஷ் இல்லாதது குறைவாகச் சூடாகும், அதே மின்கலத்தில் கூடுதல் வேலை செய்யும், விலையும் கூடுதல். தினமும் பயன்படுத்தும் தச்சருக்கு அது ஏற்றது. மாதம் இருமுறை எடுப்பவருக்குக் கட்டாயமில்லை.

மரத்தில் வேலை

கடின மரத்தில் முன்துளை இல்லாமல் திருகாணி முடுக்கினால் மரம் பிளக்கும் அல்லது திருகாணி முறியும். 4 மி.மீ. திருகாணிக்குத் தேக்கில் ஏறத்தாழ 3 மி.மீ. முன்துளை பொருந்தும். இரு பலகைகளை இணைக்கையில் மேற்பலகையில் திருகாணி தடையின்றி நுழையும் அளவு துளை வேண்டும். இல்லையேல் இரண்டும் நெருங்காமல் இடைவெளி விழும். பித்தளைத் திருகாணி மென்மையானது. அதே அளவுள்ள இரும்புத் திருகாணியை முதலில் ஏற்றி இறக்கி மரை உண்டாக்கி, பிறகு பித்தளையை இட்டுக் கையால் இறுக்குவது தச்சர்களின் பழைய வழக்கம். கொஞ்சம் சோப்பு தடவினால் இன்னும் எளிது.

மரத்துக்கென நடுவில் கூர்முனை கொண்ட பிட் தனியே உண்டு. அது குறித்த புள்ளியிலிருந்து வழுக்காது. அலமாரிக் கதவின் கிண்ணக் கீலுக்கு 35 மி.மீ. பிட் வேண்டும். கருவியில் ஆயிரம் ரூபாய் குறைத்து நல்ல பிட்கள் வாங்கினால் வேலை திருந்தும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

சுவரில் வேலை

இரண்டு பெயர்கள் இங்கே குழப்பம் தருகின்றன. இம்பாக்ட் டிரில் என்பது சுழற்சியோடு முன்னும் பின்னும் சிறு அதிர்வு தந்து செங்கல் சுவரைத் துளைப்பது. இம்பாக்ட் டிரைவர் என்பது திருகாணி முடுக்குவதற்கு மட்டும் உரியது. சுழலும் திசையில் சுத்தியலடி போல விசை தரும். அதில் சக் இல்லை, கால் அங்குல அறுகோணப் பிட்களே பொருந்தும், பெரும்பாலானவற்றில் கிளட்ச்சும் இல்லை. பெயரைப் பார்த்துப் பின்னதை வாங்கிவிட்டுச் சுவரைத் துளைக்க முயல்வது வழக்கமாக நடக்கும் ஒன்று.

நம் வீடுகள் பலவற்றில் சுவர் செங்கல்லாக இருந்தாலும் தூணும் உத்தரமும் கான்கிரீட். செங்கல்லில் 6, 8 மி.மீ. துளைக்கு 18 வோல்ட் இம்பாக்ட் வகை போதும். கான்கிரீட்டில் அது தடுமாறும். பிட் நீலம் பாய்ந்து மழுங்கும். அதற்கு ரோட்டரி ஹேமர் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை தேவைப்படுபவர் வாடகைக்கு எடுப்பதே நல்லது.

சுவருக்குள் மறைந்தோடும் 230 வோல்ட் ஒயர் பெரும் ஆபத்து. சுவிட்சுப் பெட்டிக்கு நேர் மேலும் கீழும், குளியலறைக் குழாய்க்கு நேர் மேலும் துளையிடக் கூடாது. கம்பியில்லாக் கருவியின் ஒரு நன்மை இங்கே உண்டு: வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டும் வேலை செய்யலாம்.

மின்கலம்

ஒரு நிறுவனத்தின் மின்கலம் பொதுவாக மற்றொன்றின் கருவியில் பொருந்தாது. எனவே முதல் கருவியை வாங்கும்போதே பின்னால் வாங்கப்போகும் ரம்பம், கிரைண்டர் ஆகியவற்றின் நிறுவனத்தையும் ஒருவர் தேர்ந்துவிடுகிறார். மாற்று மின்கலம் உள்ளூரில் கிடைக்கிறதா, தனியே என்ன விலை என்று முன்பே கேட்பது நன்று. நிக்கல்-காட்மியம் காலத்தில் முழுதும் தீர்த்துவிட்டு ஏற்ற வேண்டும் என்பர். லித்தியத்துக்கு அது தேவையில்லை, தீங்கும்கூட. இதற்குப் பெரும்பகை வெப்பம். வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ மொட்டைமாடி அறையிலோ விட்டால் ஆயுள் குறையும். பல வாரம் பயன்படுத்தாவிட்டால் பாதி ஏற்றத்தில், கருவியிலிருந்து கழற்றி, குளிர்ந்த இடத்தில் வைக்கலாம்.