குழுவை விட்டு வெளியேறும்போது

வாட்ஸ்அப் கணக்கை நீக்கிவிட்டால் மன அமைதி கிடைக்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கிடைக்கவும் செய்யும். ஆனால் கணக்கை நீக்கியதும் உறவினர் குழு, ஊர்க் குழு, பங்குக் குழு எல்லாவற்றிலிருந்தும் நாம் விலகிவிடுகிறோம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

கொங்குப் பகுதியில் பல குடும்பங்கள் ஊருக்குள் இல்லாமல் தங்கள் தோட்டத்திலேயே வீடு கட்டி வாழ்கின்றன. முன்பு இழவு சொல்ல ஒருவர் தோட்டம் தோட்டமாகப் போவார். இன்றோ குழுவில் ஒரு படம், அடக்கம் எத்தனை மணிக்கு என்று ஒரு வரி, அவ்வளவுதான். எல்லோருக்கும் சொல்லியாயிற்று என்று துக்க வீட்டார் நம்புகிறார்கள். குழுவில் இல்லாதவருக்கோ மூன்றாம் நாள்தான் தெரிய வருகிறது. திருமணத்தைத் தவறவிட்டால் பிறகு போய் வாழ்த்தலாம். இறந்தவர் முகத்தைப் பிறகு பார்க்க முடியாது. "எட்டிக்கூடப் பார்க்கவில்லையே" என்ற மனத்தாங்கல் பல ஆண்டுகள் நிற்கும்.

முன்பெல்லாம் ஒருவர் குழுவை விட்டுப் போனால் அனைவருக்கும் அறிவிப்பு வரும். பங்காளிச் சண்டையோ என்று பேச்சுக் கிளம்பும். 2022 ஆகஸ்டில் வாட்ஸ்அப் கொண்டுவந்த மாற்றத்தால் அந்த அறிவிப்பு இப்போது குழு நிர்வாகிகளுக்கு மட்டுமே போகிறது. பேச்சு குறைந்தது நல்லதே. ஆனால் நாம் அங்கே இல்லை என்பதே மற்றவர்களுக்குத் தெரியாமல் போகிறது. செய்தி கிடைத்தும் வரவில்லை என்றே நினைத்துக்கொள்வார்கள்.

எனவே கணக்கை நீக்கும் முன் நெருங்கிய உறவுகளை அழைத்து, "ஏதாவதுன்னா போன் பண்ணிச் சொல்லுங்க மாமா" என்று சொல்லிவிடுவோம். தொலைபேசி எண் அப்படியேதான் இருக்கிறது. குழுவை நடத்துபவர்களும், அதில் இல்லாதவர்களின் எண்களை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கலாம். ஸ்மார்ட்போன் வைத்திராத பாட்டிமார்களுக்கும் அந்தத் தாள் உதவும்.