ஊரடங்கு ஈட்டித் தரும் அவகாசம்

கல்முனைக் கடற்கரையில் கரைவலை இழுப்போர் தோளோடு தோள் சேர நின்றே வலையை இழுத்தல் வேண்டும். மருதமுனையில் தறிகள் ஒரே கூரையின்கீழ் அடுத்தடுத்து நிற்கின்றன. சாய்ந்தமருதிலோ வீடுகள் சுவரோடு சுவர் நெருங்கியவை. நெருங்கி வாழ்தலே இயல்பாகிவிட்ட இவ்வூர்களில், “வீட்டை விட்டு வெளியேறற்க” என்னும் கட்டளை எத்தகைய பயனை நல்கும்? 2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் மாலை, கொரோனாத் தொற்றின் பொருட்டு இலங்கை முழுவதும் ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது எழுந்தது இவ்வினா. பின்வந்த பதினெட்டு மாதங்கள் அதற்கு விடை கூறின.

தொற்றுநோய் மனிதரோடு மனிதராகவே பயணஞ் செய்கின்றது. நோயாளி ஒருவர் இருவருக்கும், அவ்விருவர் நால்வருக்கும் தொற்றை அளிப்பராயின் அது பெருகும். இருவர் சேர்ந்து ஒருவருக்கே அளிப்பராயின் அது தேயும். ஊரடங்கு செய்வதெல்லாம் இக்கணக்கை மாற்றுவதுதான். அது நோயைக் குணப்படுத்துவதில்லை; ஒரே வீட்டினுள் தொற்று பரவுதலையும் தடுப்பதில்லை. வீட்டுக்கு வீடு, ஊருக்கு ஊர் தொற்று தாவுவதையே தடுக்கின்றது. கொள்ளைநோய் கண்ட ஊருக்குள் புகுதலையும் அங்கிருந்து வெளியேறுதலையும் விலக்கும் நபிமொழியை அறிந்த கரையோர மக்களுக்கு இக்கருத்து புதியதன்று.

முதல் ஊரடங்கு, நோயாளர் தொகை மிகச் சிறிதாயிருக்கும்போதே வந்தது. அதற்கு முன்னரே பள்ளிவாசல்களில் கூட்டுத் தொழுகை நிறுத்தப்பட்டிருந்தது. நோன்பு மாதத்துத் தராவீஹ் தொழுகையை மக்கள் தத்தம் வீடுகளிலேயே நிறைவேற்றினர். மே 24ஆம் நாள் பெருநாளும் ஊரடங்கினுள்ளேயே கழிந்தது. நாட்கூலியாளருக்கு இஃது இலேசான சோதனையன்று. அரசு அளித்த 5,000 ரூபாய் உதவித்தொகை பெரிய குடும்பமொன்றுக்கு நெடுநாள் போதுவதாக இல்லை. ஆயினும் பலன் கண்கூடு. அவ்வாண்டு செப்டெம்பர் முடிவுவரை நாடு முழுவதிலும் இத்தொற்றால் இறந்தோர் பதின்மூவரே.

ஒக்டோபரில் நிலைமை மாறிற்று. மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும், அடுத்துப் பேலியகொடை மீன் சந்தையிலும் தொற்று வெளிப்பட்டது. தீவின் பல கரைகளிலிருந்தும் மீன் லொறிகள் கூடுமிடம் அச்சந்தை. ஆகவே மீன் சென்ற வழியே நோய் திரும்பி வந்து கிழக்குக் கரையையும் எட்டியது. நவம்பர் இறுதியில் அக்கரைப்பற்றும், டிசெம்பர் இறுதியில் கல்முனை நகரின் ஒரு பகுதியும் தனிமைப்படுத்தப்பட்டன. நாடு முழுவதையும் பூட்டாது, நோய் கண்ட இடத்தை மட்டும் அடைத்துப் பரிசோதனை செய்யும் முறை இது. இதனால் பிழைப்பிழப்போர் தொகை குறையும். ஆனால் நோயாளர் யாவரென விரைந்து அறிந்தாலன்றி இது பயன் தராது.

விரைந்து அறிதற்கோ மக்களின் நம்பிக்கை இன்றியமையாதது. 2020 ஏப்ரல் முதல், இத்தொற்றால் இறந்தோர் உடலைத் தகனமே செய்தல் வேண்டும் என்னும் விதி இலங்கையில் நிலவியது. அடக்கம் செய்தலை உலக சுகாதார நிறுவனம் தடுத்திருக்கவில்லை. ஜனாஸாவை நல்லடக்கம் செய்தலை மார்க்கக் கடமையாகக் கொண்ட மக்களுக்கு, நோயைவிட இவ்விதியே பேரச்சமாயிற்று. பரிசோதனைக்கு முன்வருவதா, மறைந்திருப்பதா என்னும் தயக்கம் எங்கு தோன்றுகின்றதோ, அங்கு தெருவை அடைத்தும் நோயைப் பிடிக்க இயலாது. 2021 பெப்ரவரி இறுதியில் விதி மாற்றப்பட்டு, மார்ச் மாதம் ஓட்டமாவடியில் நல்லடக்கங்கள் தொடங்கின.

மூன்றாவது பாடமே கடுமையானது. டெல்டா வகைத் தொற்று பரவிய 2021இல், நாள்தோறும் ஏறத்தாழ 200 மரணங்கள் பதிவாகிய நிலையிலேதான், ஓகஸ்ட் 20ஆம் நாள் இரவு நாடு மூடப்பட்டது. ஒக்டோபர் முதல் நாள் திறக்கப்படுமுன், அவ்வாறு வாரங்களில் ஏறத்தாழ 6,000 பேர் மாண்டனர். இதனைக் கொண்டு ஊரடங்கு பயனற்றது எனல் தவறு. நோய் தொற்றிய நாளுக்கும் இறப்புக்கும் இடையே சில வாரங்கள் செல்லும். கதவு மூடப்படுமுன் தொற்றியவர்களுள் பலர் மூடியபின் இறந்தனர். செப்டெம்பர் முடிவில் மரணங்கள் வெகுவாகக் குறைந்ததற்கு ஊரடங்கோடு தடுப்பூசியும் காரணமாகும். அதற்குள் மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இரு தடுப்பூசிகளையும் பெற்றிருந்தனர்.

ஆகவே, ஊரடங்கு என்பது மருந்தன்று. மருந்து வந்து சேரும்வரை கிடைக்கும் அவகாசமே அது. முன்னதாக வரின் குறுகிய காலத்தில் பெரும்பயன் தரும். பிந்தி வரின் நீண்ட துன்பத்துக்குச் சிறுபயனே எஞ்சும். அந்த அவகாசத்துள் பரிசோதனையும், தடுப்பூசியும், கூலியாளர் வீட்டில் அடுப்பெரிய வேண்டிய உதவியும், மக்களின் நம்பிக்கையும் ஒருங்கே சேர்தல் வேண்டும். அவை சேராவிடின், கரையில் தோணிகள் வாளா கிடந்த நாட்களுக்கு ஈடாக எதுவும் கிட்டாது.