குதிரைக்கும் பாடம், குதிரைக்காரருக்கும் பாடம்

மாணவர்களே! சென்னையிலிருந்து கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்குச் செல்லும்போது மரக்காணத்தில் பாத்தி பாத்தியாக உப்பளங்களைக் காணலாம். அந்த வரப்பில் நீங்கள் ஓர் இளங்குதிரையை நடத்திச் செல்வதாக வைத்துக்கொள்வோம். உப்புக் குவியலை மூடிய கீற்று காற்றில் படபடக்கிறது. குதிரை மிரண்டு நின்றுவிடுகிறது. நீங்கள் கயிற்றை வெடுக்கென்று இழுக்கிறீர்கள், அடிக்கிறீர்கள். குதிரை என்ன கற்றுக்கொண்டது? 'குவியலைக் கண்டால் வலி வரும்' என்பதைத்தான்! நாளை அது தொலைவிலேயே மிரளும். தவறு யாருடையது?

குதிரை ஏன் மிரளுகிறது? அது திறந்த வெளியில் புல் மேய்ந்து வாழ்ந்த விலங்கு. ஆபத்து என்றால் ஓடுவதே அதன் முதல் தற்காப்பு. கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால், தன்னைச் சுற்றிலும் ஏறத்தாழ 350 பாகை வரை அது பார்க்கிறது. நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் உள்ள சிறு பகுதிகள் மட்டும் அதற்குத் தெரியா. ஆகவே, பின்புறமாகச் செல்லாமல், குரல் கொடுத்துக்கொண்டே தோள்பக்கமாக அணுக வேண்டும். இது மனிதருக்கான முதற் பாடம்.

குதிரைக்கான முதற் பாடம், கயிற்றுக்கு இணங்குவது. கயிற்றை மெல்ல இறுக்குங்கள். குதிரை ஓர் அடி முன்வைத்த அக்கணமே தளர்த்துங்கள். 'இணங்கினால் இறுக்கம் நீங்கும்' என்று அது அறிந்துகொள்ளும். தாமதித்துத் தளர்த்தினால், அப்போது அது செய்துகொண்டிருக்கும் வேறு செயலே பாடமாகப் பதிந்துவிடும்! நிற்பது, நடப்பது, திரும்புவது, பின்வாங்குவது, லாடம் அடிக்கக் காலைத் தூக்கிக் கொடுப்பது ஆகியவை பதிந்த பிறகே சவாரி.

குதிரை நம்மை எவ்வளவு நுட்பமாகக் கவனிக்கிறது தெரியுமா? 1900களின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை, கணக்குக்கு விடையைக் குளம்பால் தட்டிக் காட்டிப் புகழ் பெற்றது. ஆஸ்கர் ஃபூங்ஸ்ட் என்பவர் அதை ஆராய்ந்து 1907-இல் முடிவை வெளியிட்டார். கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரையும் தடுமாறியது! சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை, அவரை அறியாமலே சற்று அசைந்தது. அதைக் கண்டே ஹான்ஸ் தட்டுவதை நிறுத்தியது. நம் அச்சமும் பதற்றமும்கூடக் குதிரைக்கு எட்டும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

வளர்ப்பவர் கல்லாவிட்டால் என்ன ஆகும்? கடல்வழியே குதிரைகள் வந்ததைப் பட்டினப்பாலை கூறுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, மன்னர் ஆண்டுதோறும் 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கியதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சவில்லை என்றும் எழுதினார். பேணத் தெரிந்தவர் இல்லாததை ஒரு காரணமாகக் காட்டுகிறார். வேகவைத்த சோறும் இறைச்சியும் கொடுத்தார்களாம். புல் தின்னும் விலங்குக்கு அது ஏற்ற உணவா?

இனி உப்பளத்துக்குத் திரும்புவோம். குதிரை மிரண்டால் நீங்களும் நில்லுங்கள். கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, அது பார்க்கட்டும், மோந்து அறியட்டும் என்று விடுங்கள். ஓர் அடி முன்வைத்தால் கழுத்தைத் தடவிக் கொடுங்கள். குதிரையின் வியர்வை அதன் இரத்தத்தைவிட உப்பு மிகுந்தது. ஓடிக் களைத்த குதிரைக்கு உப்பு தேவை. ஆகவே, மிரண்டு பார்த்த அந்தக் குவியலை அது கடைசியில் நக்கிப் பார்த்தாலும் வியப்பில்லை!