மரம் அறுக்கும் இயந்திரம்: சிறியதா, பெரியதா?

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரி, பலாத் தோப்புகளைச் சாய்த்தது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் நாகை, தஞ்சை, புதுக்கோட்டை வட்டாரத்தில் லட்சக்கணக்கான தென்னைகளை வீழ்த்தியது. கோடரியையும் கைரம்பத்தையும் மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதை அந்த நாட்களில் கடலோர மாவட்டத்தார் கண்கூடாகப் பார்த்தார்கள். மழைக்காலம் நெருங்கும்போது, "மரம் அறுக்கிற மிஷின் இருக்கா அண்ணாச்சி?" என்று ஹார்டுவேர் கடைகளில் வந்து கேட்பது இப்போது சகஜமாகிவிட்டது.

நம் உறுப்பினர்களில் மளிகைக் கடைக்குப் பக்கத்து ஷட்டரிலேயே ஹார்டுவேர் போட்டிருப்பவர்கள் இதை வாங்கி விற்கலாமா என்று யோசிக்கிறார்கள். சிலர் ஒன்றிரண்டு வாங்கி ஆளோடு வாடகைக்கு விட எண்ணுகிறார்கள். விறகுக்கடை, மரவாடி வைத்திருப்போருக்குச் சொந்த வேலைக்கே தேவைப்படுகிறது. மூன்று தரப்பாருக்கும் உள்ள சந்தேகம் ஒன்றுதான்: முதலைச் சிறிய இயந்திரத்தில் போடுவதா, பெரியதில் போடுவதா?

கணக்குப் புரிவதற்காகச் சந்தையில் பெயர் பெற்ற இரண்டை எடுத்துக்கொள்வோம். விளம்பரம் என்று யாரும் எண்ண வேண்டாம். ஸ்டில் கம்பெனியின் எம்.எஸ். 261 என்பது 50.2 சிசி, 3.0 கிலோவாட், அதாவது சுமார் 4 குதிரைச்சக்தி. பாரும் செயினும் இல்லாமல் எடை 4.9 கிலோ. அதே கம்பெனியின் எம்.எஸ். 462 என்பது 72.2 சிசி, 4.4 கிலோவாட், சுமார் 6 குதிரைச்சக்தி, 6 கிலோ. ஹஸ்க்வர்னா கம்பெனியிலும் 550 எக்ஸ்.பி., 572 எக்ஸ்.பி. என்று ஏறக்குறைய இதே இரண்டு தரங்கள் உண்டு. நான்குமே தொழில்முறைக்காரர்களுக்கான இயந்திரங்கள். ஸ்டில் கம்பெனி 1929-இல் செய்த முதல் பெட்ரோல் ரம்பமும் 6 குதிரைச்சக்திதான். ஆனால் எடை 46 கிலோ. தூக்கிப் பிடிக்க இரண்டு ஆள் வேண்டும்.

இந்த எண்களைப் பார்த்ததும் பெரியதன் பக்கம் மனம் சாய்வது இயல்பு. ஒரு கிலோ சொச்சம் கூடுதல் எடைக்கு ஏறக்குறைய பாதிச் சக்தி கூடுதலாகக் கிடைக்கிறதே! ஆனால் வாங்குபவர் அன்றாடம் அறுக்கப்போவது என்ன மரம் என்று முதலில் கேட்க வேண்டும். தென்னையின் பருமன் பெரும்பாலும் ஓர் அடிக்கு முன்னே பின்னே இருக்கும். தோப்புச் சவுக்கு அதைவிட மெலிது. தைலமரம், சீமைக்கருவேலம், முந்திரிக் கிளை எல்லாம் 16 அங்குலப் பார் போட்ட 50 சிசி இயந்திரத்துக்குள் அடங்கிவிடும். பழகிய ஆள் இரண்டு புறமிருந்தும் அறுத்தால் பாரின் நீளத்தைவிடப் பருத்த மரத்தையும் அதே இயந்திரத்தால் வீழ்த்துவார்.

ஓர் உதாரணம். ஒருவர் வருடத்தில் 150 நாள் இயந்திரத்தை ஓட்டுகிறார், அதில் 20 நாள்தான் இரண்டு அடிக்கு மேற்பட்ட மரம் என்று வைத்துக்கொள்வோம். பெரியதை வாங்கினால் அந்த 20 நாளுக்காக மீதி 130 நாளும் கூடுதல் எடையைச் சுமக்கிறார், கூடுதல் பெட்ரோலை எரிக்கிறார். சிறியதன் டேங்க் அரை லிட்டர். பெரியதற்கு ஏறக்குறைய முக்கால் லிட்டர். காலையில் ஒரு கிலோ பெரிதாகத் தெரியாது. மாலை நாலு மணிக்குக் கை சோர்ந்து நடுங்கும்போது தெரியும். மரம் அறுப்பில் விபத்து நேர்வதும் கை சோர்ந்த நேரத்தில்தான்.

அதற்காகப் பெரியது வீண் செலவு என்று சொல்லிவிட முடியாது. பழைய புளி, வேம்பு, தூங்குமூஞ்சி மரங்களின் அடிப்பகுதியை நாள்தோறும் துண்டு போடும் மரவாடிக்காரருக்குச் சிறியது கட்டுப்படியாகாது. 50 சிசி இயந்திரத்தில் நீளமான பாரை மாட்டி வைரம் பாய்ந்த மரத்தில் இறக்கினால் செயின் திணறி நிற்கும், ஓட்டுபவர் அழுத்துவார், இன்ஜின் சூடேறும், கிளட்ச் தேயும். இத்தகைய வேலைக்கு 20 முதல் 25 அங்குலப் பாரோடு 70 சிசி இயந்திரம்தான் சரி. வாடகைக்கு விட நினைப்பவர் முதலில் சிறியதில் தொடங்கி, பெரிய மரத்துக்கு ஆள் கேட்டு வருவது எத்தனை முறை என்று ஒரு வருடம் நோட்டில் குறித்துவைத்த பிறகு பெரியதைப் பற்றி முடிவு செய்யலாம்.

விற்பனைக்கு வைப்பவர் கவனிக்க வேண்டியது உதிரிச் சரக்கு. 261-க்கு வழக்கமாக வருவது .325 அங்குல இடைவெளிச் செயின். அதைத் தீட்ட 4.8 மில்லிமீட்டர் உருட்டு அரம். 462-க்கு 3/8 அங்குலச் செயின், 5.2 மில்லிமீட்டர் அரம். ஒன்றின் செயின் மற்றதில் ஏறாது. இரண்டு தரத்தையும் விற்றால் செயின், பார், ஸ்ப்ராக்கெட், அரம் எல்லாவற்றிலும் இரட்டை இருப்பு வைக்க வேண்டும். இயந்திரம் வாங்கியவர் செயினுக்காகத் திரும்பத் திரும்ப வருவார். நிலையான வியாபாரம் அதில்தான். அது இல்லையென்று ஒருமுறை சொல்லி அனுப்பினால் அடுத்த இயந்திரத்தையும் வேறு கடையில் வாங்குவார். சிறு ஊரில் ஒரு தரத்தை மட்டும் எடுத்து, அதற்கு உதிரி குறையில்லாமல் வைப்பது நல்லது.

"58 சிசி, 22 அங்குலம்" என்று குறைந்த விலையில் வரும் சரக்கைப் பற்றி ஒரு வார்த்தை. சிசி கூடுதலாக இருப்பதால் சக்தியும் கூடுதல் என்று கொள்ளக் கூடாது. கிலோவாட் எவ்வளவு, செயின் பிரேக் ஒழுங்காக வேலை செய்கிறதா, ஆறு மாதம் கழித்து கார்புரேட்டர் கிடைக்குமா, இந்த மூன்றையும் கேட்டுவிட்டே கொள்முதல் செய்யுங்கள். தோட்டத்தில் எப்போதாவது கிளை கழிப்பவருக்கு அந்தச் சரக்கு போதலாம். கூலிக்கு மரம் அறுப்பவரிடம் அதைத் தள்ளிவிட்டால் வாரம் ஒருமுறை ரிப்பேருக்கு நம் கடை வாசலில் நிற்பார்.

மிஷின் இழுக்கவில்லை, பெரியது கொடுங்கள் என்று வருபவரிடம், அறுக்கும்போது வருவது சீவலா தூளா என்று கேளுங்கள். கூரான செயின் மரத்தைச் சீவலாகத் தள்ளும். மழுங்கியது மாவுபோல் தூளைக் கொட்டும். புயலில் விழுந்து மண்ணும் மணலும் அப்பிய மரத்தை அறுத்தால் செயின் விரைவில் மழுங்கிவிடும். அவருக்கு வேண்டியது ஓர் அரமும் அதைப் போடும் பழக்கமும்தான். அரத்தில் கிடைக்கும் லாபம் சொற்பம். ஆனால் அந்த வாடிக்கையாளர் நம் கடையை விடமாட்டார்.

இயந்திரத்தோடு தலைக்கவசம், கண் மறைப்பு, காது மூடி, காலுறைக் கவசம் ஆகியவற்றையும் எடுத்துக் காட்டுங்கள். பார் முனையின் மேல்பகுதி மரத்தில் இடித்தால் இயந்திரம் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கித் துள்ளும். விழுந்த மரத்தில் வளைந்து முறுக்கேறி நிற்கும் கிளை அறுபட்டதும் சாட்டைபோல் அடிக்கும். முதல் தடவை வாங்குபவரைச் செயின் பிரேக்கைத் தம் கையாலேயே போட்டு எடுக்கச் சொன்ன பிறகே பில் போடுங்கள்.

பெட்ரோல் விஷயத்தையும் சொல்லி அனுப்ப வேண்டும். இந்த இரண்டு ஸ்டில் இயந்திரங்களுக்கும் அந்தக் கம்பெனியின் டூ-டி ஆயிலானால் 5 லிட்டருக்கு 100 மில்லி கலக்க வேண்டும். மற்றவற்றுக்கு அந்தந்தக் கையேட்டில் உள்ள அளவு. இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் சும்மா வைப்பதானால் டேங்கை வடித்து, மீதியையும் ஓட்டித் தீர்த்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள். கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் இயந்திரத்துக்கும் இது பொருந்தும்.

வாடகைக்கு அனுப்புவோர் எந்த மரம், எந்த ஊர் என்று கேட்டுக்கொள்ளவும். மலைப்பகுதிகளில் 1955-ஆம் ஆண்டின் மரங்கள் பாதுகாப்புச் சட்டம் உள்ளது. பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. அனுமதிக் கடிதத்தின் நகல் ஒன்றை வாங்கி ரசீதோடு சேர்த்துக் கோப்பில் வைத்துவிட்டு இயந்திரத்தை அனுப்புங்கள்.