பிறந்த வீடு ராமநாதபுரம், புகுந்த வீடு சிவகங்கை

பொங்கல் வந்தால் கூட்டமெல்லாம் மதுரைப் பக்கம் திரும்பும். தை முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அடுத்த நாள் அலங்காநல்லூர் என்று வாடிவாசலுக்கு வாடிவாசல் அது நகரும். ஜல்லிக்கட்டை டிவியில் பார்த்தால் போதும் என்கிற ஒரு கட்சியும் மதுரையில் உண்டு. அவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. 2026இல் பொங்கல் வியாழனன்று வந்து, ஞாயிறுவரை நான்கு நாள் லீவு கிடைத்தது. மறுபடி அப்படி அமைந்தால், பக்கத்திலேயே இருக்கும் இரண்டு தலைநகரங்களுக்குப் போய்வரலாம். ஒன்று சேதுபதிகளின் ராமநாதபுரம். மற்றொன்று அதிலிருந்து பாகம் பிரிந்த சிவகங்கை.

ராமநாதபுரம் நமக்கு ராமேஸ்வரம் போகிற வழியில் டீ குடிக்க நிற்கும் ஊர், அவ்வளவுதான். பாம்பன் பாலத்தைப் பார்க்கிற அவசரத்தில் அரண்மனைத் தெருப் பக்கம் யார் திரும்புகிறார்கள்? போவதற்கு ஏற்ற காலமும் தைதான். சித்திரை வெயிலில் அந்தச் சீமையில் அலைய முடியாது. வடகிழக்குப் பருவமழை ஏமாற்றாத ஆண்டென்றால், திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி என்று வழி நெடுகக் கண்மாய்களில் தண்ணீர் கிடக்கும். வைகையும் ஏறக்குறைய நம்மோடேதான் வருகிறது. வந்து ராமநாதபுரம் பெரிய கண்மாயில் முடிகிறது. ஊரை ஒட்டிய சக்கரக்கோட்டைக் கண்மாய், 2025இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற பறவைகள் சரணாலயம். காலைப் பனி விலகுமுன் அங்கே போய்விட வேண்டும்.

போகலூரிலிருந்த தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றியவர் கிழவன் சேதுபதி. ராமலிங்க விலாசம் அரண்மனையும் அவர் காலத்ததுதான்; கீழக்கரை வள்ளல் சீதக்காதி அதற்குத் துணை நின்றார் என்பார்கள். இன்று அது தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ள அருங்காட்சியகம். வாளையும் வளரியையும் பார்த்ததோடு வெளியே வந்துவிடாதீர்கள். சுவர் ஓவியங்கள்தான் அங்கே சொத்து. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தவை அவை. ராமாயணம் ஒரு பக்கம், தஞ்சை மராத்தியரோடு நடந்த போர் ஒரு பக்கம், தொப்பி போட்ட ஐரோப்பியர் ஒரு பக்கம். ராஜராஜேஸ்வரி சேதுபதிக்குச் செங்கோல் தருகிறாள். மதுரை நாயக்கர் விஜயரங்க சொக்கநாதர் அவருக்கு ரத்தினங்களால் அபிஷேகமே செய்கிறார். மதுரைக்கு அடங்கிய பாளையமாக இருந்த ஊர், மதுரை ராஜா தன்னை எப்படி மதித்தார் என்று தன் வீட்டுச் சுவரில் தானே வரைந்துகொண்டிருக்கிறது. மதுரைக்காரர்கள் சிரித்துக்கொண்டே பார்க்க வேண்டிய படம்.

அந்தச் சேதுபதியின் மகளைக் கட்டியவர் சசிவர்ணத் தேவர். 1730 வாக்கில் ராமநாதபுரம் சீமையை ஐந்து பங்காக்கி, இரண்டைப் பிரித்து அவருக்குக் கொடுத்ததில் பிறந்தது சிவகங்கை. அடுத்த தலைமுறையிலும் பெண் அங்கிருந்தே வந்தாள்: வேலு நாச்சியார். 1772 ஜூனில் ஆற்காட்டு நவாபும் கம்பெனிப் படையும் சேர்ந்து வந்தபோது, ராமநாதபுரம் முதலில் விழுந்தது. அதே மாதம் காளையார்கோவிலில் கணவர் முத்து வடுகநாதர் கொல்லப்பட்டார். பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே மாதத்தில் போயின. திண்டுக்கல் பக்கம் போய், ஹைதர் அலியின் உதவி பெற்று, 1780இல் அவர் சீமையை மீட்ட கதை எல்லோரும் அறிந்ததே. அவர் எங்கிருந்து எங்கே வாழ வந்தார் என்பதைச் சாலையில் போய்ப் பார்த்தால்தான் பிடிபடும். சுமார் 80 கிலோமீட்டர். காரில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது.

சிவகங்கையில் கௌரி விலாசம் அரண்மனை சிதைந்துதான் நிற்கிறது. ராமநாதபுரத்தைப் பார்த்த கண்ணுக்கு ஏமாற்றமாக இருக்கும், சொல்லிவிடுகிறேன். ஆனால் உள்ளே ராஜராஜேஸ்வரி கோயில் உண்டு. தாய்வீட்டில் செங்கோல் கொடுத்த அதே அம்மன்தான்!

மிச்சமிருக்கும் அரைநாளைக் காளையார்கோவிலுக்குக் கொடுங்கள். மருதிருவர் எழுப்பிய ராஜகோபுரத்துக்கு மானாமதுரையிலிருந்து ஆட்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிச் செங்கல் கொண்டுவந்ததாக அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். 1801இல், சரணடையாவிட்டால் கோபுரத்தைத் தகர்ப்போம் என்று கம்பெனிக்காரன் மிரட்டியதாகவும் ஒரு பேச்சு உண்டு. அந்த அக்டோபர் 24 அன்று மருதிருவரைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். கோபுரம் நிற்கிறது.